பாரம் உட்காரட்டும்

அந்தக் காரின் முன்பாதி முழுவதும் ஒரே மூடி. இரண்டு பக்கத்துக் கொக்கிகளையும் விடுவித்து, கண்ணாடி ஓரத்திலிருந்து தூக்கினால் பானெட்டும் மட்கார்டும் விளக்குகளும் ஒன்றாகச் சேர்ந்து மூக்குப் பக்கமாகச் சாய்ந்து நின்றுகொள்ளும். எஞ்சின், சக்கரம், ஸ்பிரிங், சக்கரத்தைத் தாங்கும் கைகள் என்று எல்லாமே வெட்டவெளிக்கு வந்துவிடும். வேறு கார்களில் அடியில் படுத்து, டார்ச் அடித்துத் தேடவேண்டியதையெல்லாம் இதில் நின்றபடியே பார்க்கலாம். என் தாய்மாமா நிற்கக்கூட மாட்டார். முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு, எஞ்சின் பக்கம் குனிந்து, அரைமணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

1983 கோடை. பரீட்சை முடிந்ததும் அரக்கோணத்திலிருந்து அயனாவரத்துக்கு மாமா வீட்டுக்கு வந்துவிடுவது எங்கள் வழக்கம். மாமா ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.-இல் ஃபிட்டர். ஷிஃப்ட் முடிந்து வந்து குளித்து, காபி குடித்ததும் வீட்டை ஒட்டிய ஓட்டுச் சாய்ப்புக்குள் போய்விடுவார். அங்கே எப்போதும் ஏதாவது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கும். ஹெரால்டு என்றால் அந்த வட்டாரத்தில் மாமாதான். அந்த வருஷம் நான் போனபோது சாய்ப்புக்குள் ஹெரால்டு இல்லை. இரண்டே இரண்டு பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாக இருந்த, கருஞ்சிவப்பு நிறத்து டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் நின்றது.

கீழ்ப்பாக்கத்தில் கிளினிக் வைத்திருந்த ஒரு டாக்டருடைய கார் அது. குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் மேனேஜர் வைத்திருந்து, அவர் ஊரைவிட்டுப் போகும்போது டாக்டர் வாங்கியிருந்தார். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் 1962-இலிருந்து 1980 வரைக்கும் செய்த வண்டி. இரண்டாம் உலகப் போரில் பறந்த சண்டை விமானத்தின் பெயர். உருவத்தை வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். இதையெல்லாம் டாக்டர்தான் எனக்குச் சொன்னார். ஒரு பையன் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தால் அவருக்குப் பேஷண்ட்டுகள் காத்திருப்பது மறந்துபோகும்.

ஆனால் மாமா சொன்ன ஒன்றுதான் என்னை உலுக்கிவிட்டது. “மாப்ளே, இது நம்ம ஹெரால்டுதாண்டா. சட்டை மட்டும் வேற.” நான் நம்பவில்லை. பக்கத்துத் தெரு ஹெட்மாஸ்டர் வீட்டு வாசலில் துணி போர்த்தி நிற்கும் நான்கு கதவு ஹெரால்டும், இந்த அம்புமூக்குக் காரும் எப்படி ஒன்றாகும்? மாமா பொறுமையாகக் காட்டினார். ஹெரால்டையும் வரைந்தது அதே மிக்கெலோட்டி. ஹெரால்டின் சட்டத்தைக் குட்டையாக்கி, அதன் முன் சஸ்பென்ஷனை அப்படியே எடுத்துப் போட்டுத்தான் ஸ்பிட்ஃபயர் பிறந்தது. இரண்டுக்கும் முன்சக்கரத்தைத் தாங்கும் அதே கைகள், அவை சட்டத்தோடு சேரும் இடத்தில் அதே ரப்பர் புஷ். லண்டன் டாக்சி திரும்பும் அளவு இடத்தில், 25 அடி வட்டத்துக்குள், இரண்டும் முழுதாகத் திரும்பிவிடும். அதே முன் சஸ்பென்ஷனின் பாகங்களை லோட்டஸ்காரர்கள் எலான் காரில் வாங்கிப் போட்டார்கள் என்று பிற்பாடு படித்தபோது எனக்கு மாமாவின் கிரீஸ் கைதான் நினைவுக்கு வந்தது. அப்படிப்பட்ட ஒன்றை நம் வண்டலூர்ப் பக்கத்து ஸ்டாண்டர்டு தொழிற்சாலை 1961-இலிருந்து பத்து வருஷம் செய்து தள்ளியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் திருப்பதிக்கும் போன குடும்பக் கார்களின் கீழே ரேஸ் காருக்குத் தகுதியான கால்கள் இருந்தன. அதை அன்று மெட்ராஸில் எத்தனை பேர் அறிந்திருந்தார்கள் என்பது எனக்கு இன்றும் ஆறாத கேள்வி.

டாக்டரின் புகார் இரண்டு. பிரேக் போட்டால் முன்பக்கம் ‘டக்’ என்று ஒரு சத்தம். நேர் ரோட்டில் போகும்போது வண்டி இடமும் வலமுமாக அலைகிறது. வேறொரு ஷெட்டில் காட்டியதற்கு ஷாக் அப்சர்பரை மாற்றியிருக்கிறார்கள், சத்தம் போகவில்லை. சத்தம் என்றாலே முதல் பழி ஷாக் அப்சர்பர் மேல்தான் விழும். அது கண்ணுக்குத் தெரியும், விலையும் சொல்லலாம். ஒரு ரப்பர்த் துண்டைப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை.

மாமா டாக்டரை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொன்னார். வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினார். என்னிடம், “சக்கரத்த பாக்காத. கை சட்டத்தோட சேர்ற எடத்தப் பாரு,” என்றார். பார்த்தேன். சட்டம் அசைவதற்கு முன்னால் அந்த இடத்தில் இரும்புக் கை ஒரு நூலளவு தனியாக நகர்ந்தது. அந்த நூலளவுதான் ‘டக்’. பிறகு ஒரு நெம்புகோலைக் கொடுத்து லேசாக அசைத்தார். கறுப்புப் பொடி உதிர்ந்தது. விரலில் எடுத்துத் தேய்த்துக் காட்டினார். ரப்பர் ரப்பராகவே இல்லை. எஞ்சின் ஆயில் கசிந்து கசிந்து ஒரு பக்கம் கூழாகியிருந்தது, மறுபக்கம் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது.

“புஷ்ஷு போச்சு சார். நாலும் நாலும் எட்டு. எட்டையும் மாத்திரலாம்.”

“எங்க கிடைக்கும்? இங்கிலாந்துக்கு எழுதணுமா?” என்றார் டாக்டர்.

“ஜி.பி. ரோடு வரைக்கும் போனாப் போதும் சார்.”

மறுநாள் மாமாவோடு நானும் போனேன். ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு, மவுண்ட் ரோடிலிருந்து பிரிந்து போகும் தெரு. மெட்ராஸின் கார்களெல்லாம் அந்த ஒரு தெருவின் தயவில்தான் ஓடின. குறுகலான கடைகள், கூரைவரை அலமாரிகள், அட்டைப்பெட்டிகள், ஏணியில் ஏறி நிற்கும் பையன்கள், கலந்து வரும் ரப்பர் வாசமும் கிரீஸ் வாசமும். “ஹெரால்டு மெட்டலாஸ்டிக் புஷ்,” என்று மாமா கேட்டதும் கடைக்காரர் தலையைத் தூக்காமலே எடுத்து வைத்தார். நடுவில் ஒரு இரும்புக் குழாய், அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும் தடித்த ரப்பர். அவ்வளவுதான். என் உள்ளங்கையில் இரண்டு கொள்ளும்.

மாமா ஒவ்வொன்றையும் எடுத்துக் கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்தினார். பள்ளம் விழுந்து மெல்ல நிமிர்கிறதா என்று பார்த்தார். பிறகு நடுக்குழாயை ஒரு பக்கத்திலிருந்து பலம் கொண்டமட்டும் தள்ளினார். இரண்டு புஷ்களில் குழாய் வழுக்கி வெளியே வந்துவிட்டது. அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, “ஒட்டு இல்லாததெல்லாம் வேணாம் அண்ணாச்சி,” என்றார். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் வேறு பெட்டியை இறக்கினார். எட்டுப் புஷ் தேர்ந்தெடுக்க அந்தக் கடையில் ஒரு மதியம் போயிற்று.

குழாயோடு ரப்பர் ஒட்டியிருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். மாமா என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். “கைய இப்படியும் அப்படியும் திருப்பு.” திருப்பினேன். “என் புடி வழுக்குச்சா?” இல்லை. “உன் தோல்தான் முறுக்கிக்கிச்சு. அதேதான்.” கார் குலுங்கும்போது சக்கரத்தைத் தாங்கும் கை மேலும் கீழும் போகிறது. அந்தக் கை ஒரு போல்ட்டைச் சுற்றிச் சுழல்வதாகத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் எதுவும் எதன்மேலும் உரசுவதில்லை. நடுக்குழாயைப் போல்ட்டு சட்டத்தோடு இறுக்கிப் பிடித்திருக்கும். ரப்பரின் வெளிப்புறத்தைக் கையின் முனையிலுள்ள வளையக் கண் பிடித்திருக்கும். நடுவில் இருக்கும் ரப்பர் தனக்குள்ளேயே முறுக்கிக்கொண்டு, குலுங்கல் போனதும் பிரிந்துகொள்ளும். அதனால்தான் அதற்கு எண்ணெயும் வேண்டாம், கிரீஸும் வேண்டாம். எண்ணெய் பட்டால் அதற்குச் சாவு. பல லட்சம் முறை முறுக்கி, பல லட்சம் முறை பிரிந்து, ரோட்டின் அடியையெல்லாம் தான் வாங்கிக்கொள்ளும் அந்தக் கறுப்புத் துண்டின்மேல் எனக்கு அன்றைக்குப் பிறந்த மரியாதை இதுவரை குறையவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வேலை தொடங்கியது. முதலில் மாமா சாய்ப்பின் சிமெண்டுத் தரையைத் துடைத்து, சாக்பீஸால் காரின் முன்பக்கத்தைப் பெரிதாக வரைந்தார். சட்டம், இடது மேல் கை, இடது கீழ் கை, வலது மேல், வலது கீழ். கழற்றும் ஒவ்வொன்றும் தரையில் அதனதன் இடத்தில் போய் உட்கார வேண்டும். அத்தை காபி கொண்டுவரும்போது மார்கழிக் கோலத்தைச் சுற்றிப் போவதுபோலப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றிப் போனாள்.

ஜாக்கி வைத்துத் தூக்கி, சட்டத்துக்கு அடியில் பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கினார். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருநாளும் கை விடமாட்டார். சக்கரம் வந்தது. பிரேக் காலிப்பரைக் கழற்றி, அதன் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் சட்டத்தில் கட்டினார். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சர்பரும் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் அமைப்பு. மேலே மூன்று நட்டு, கீழே ஒரு போல்ட்டு. அவ்வளவையும் எடுத்தால் முழுதாகக் கையோடு வந்துவிடும். “நடுவுல ஒரு நட்டு இருக்குது பாரு. அத மட்டும் தொடவே கூடாது. ஸ்பிரிங்கு மூஞ்சிக்கு வந்துரும்.” என் கைகளை நான் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டது நினைவிருக்கிறது.

சக்கரத்தின் கீழ் முனையில் பித்தளையில் மரை வெட்டிய ஒரு உருப்படி உண்டு. ட்ரனியன் என்பார் மாமா. ஸ்டியரிங் திருப்பும்போது சக்கரத்தின் தண்டு அந்த மரைக்குள்தான் திரும்பும். இதற்குக் கியர் ஆயில்தான் விட வேண்டும். தெரியாதவர்கள் கிரீஸ் அடித்துவிடுவார்கள்; கிரீஸ் உள்ளே போய்ச் சேராமல் இறுகிப்போகும், தண்ணீர் புகும், தண்டு துருவேறி ஒருநாள் மரையில் முறிந்து சக்கரம் படுத்துவிடும். டாக்டர் காரில் யாரோ கிரீஸ்தான் அடித்திருந்தார்கள். மாமா அதை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பிரஷ்ஷால் மரை மரையாகத் தேய்த்தார். புஷ்ஷுக்காக வந்த வண்டிதான். ஆனாலும் அதைப் பார்த்துவிட்டு அப்படியே மூட அவரால் முடியாது.

கீழ்க் கை சட்டத்தோடு சேரும் இடத்தில் மெல்லிய தகடுகள் இருந்தன. ஷிம். ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைவு. சக்கரம் எவ்வளவு சாய்ந்து நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை அவை. ஒன்று இடம் மாறினாலும் டயரின் உள்விளிம்பு தேயும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அவற்றைப் பத்திரமாக வைக்கும் வேலை எனக்கு வந்தது. பவுடர் டப்பா மூடிகளில் தனித்தனியாகப் போட்டு, காகிதத்தில் ‘இடது முன்’, ‘இடது பின்’ என்று எழுதி, சாக்பீஸ் சட்டத்தின் மேல் வைத்தேன். மாமாவின் மகளும் நானும் இரவு முறை போட்டுக்கொண்டு பூனை வராமல் காவல் இருந்தோம். யாரும் இருக்கச் சொல்லவில்லை.

ஒரு போல்ட்டு மட்டும் வர மறுத்தது. பழைய புஷ்ஷின் குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிப் போயிருந்தது. நட்டு கழன்றுவிட்டது, போல்ட்டு அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க விட்டார். காலையிலும் அசையவில்லை. சம்மட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுக்கவில்லை. அடித்தால் போல்ட்டு வரலாம், கை வளையவும் வளையலாம். ஹாக்ஸா பிளேடை எடுத்து, துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, சட்டத்துக்கும் கைக்கும் நடுவிலிருந்த சந்தில் விட்டு அறுக்கத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் அந்த ஒரே சத்தம். பிளேடுகள் உடைந்தன. புதுசு மாட்டினார். அவர் முகத்தில் எரிச்சலே வரவில்லை. பெரியவர்கள் கோபப்படாமல் ஒரு கஷ்டமான வேலையைச் செய்து பார்ப்பது அந்த வயதில் எனக்குப் புதிது. எங்கள் வீட்டில் ஒரு ஆணி வளைந்தாலே அப்பாவின் குரல் தெருவுக்குக் கேட்கும்.

பழைய ரப்பரை வைஸில் வைத்துத் தள்ளியே எடுத்தார். ஒரு பக்கம் சின்ன குழாய்த் துண்டு, மறுபக்கம் ரப்பர் போய் விழுவதற்கு இடம் விட்டு ஒரு பெரிய பாக்ஸ் ஸ்பேனர் மண்டை. வைஸை முறுக்க முறுக்க, கூழான ரப்பர் பிதுங்கிக்கொண்டு விழுந்தது. கைகளின் வளையக் கண்களை எமரித் தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினார். புதுசை ஏற்றுவதற்கு நான் 501 பார் சோப்பைத் தண்ணீரில் கரைத்து நுரை அடித்துக் கொடுத்தேன். கிரீஸ் தடவினால் சுலபமாக ஏறும், ரப்பரைத் தின்றுவிடும். சோப்புத் தண்ணீர் ஏறும்வரை வழுக்கும், பிறகு காய்ந்து போய்விடும். நுரையில் முக்கிய புஷ் வைஸின் அழுத்தத்தில் மூச்சுப் பிடித்து உள்ளே போய், இரண்டு பக்கமும் சமமாக எட்டிப் பார்க்கும்போது மாமா “ம்” என்பார். எட்டு முறை “ம்”.

தரைப் படம் காலியாகி, காரில் எல்லாம் ஏறியது. போல்ட்டுகள் அத்தனையும் கையால் மட்டும் முறுக்கப்பட்டிருந்தன. சக்கரத்தை மாட்டி, வண்டியைக் கீழே இறக்கிவிட்டு, மாமா முன்பக்கத்தை அழுத்தி அழுத்தி விட்டார். எனக்குப் பதைப்பு. நட்டு இறுக்காமலே இறக்கிவிட்டாரே!

“இப்பதாண்டா இறுக்கணும். ஆனா ஆளு வேணும். போய் உள்ள உக்காரு. அவளையும் கூப்புடு.”

நானும் மாமா மகளும் ஸ்பிட்ஃபயருக்குள் ஏறினோம். நான் ஸ்டியரிங் பக்கம். மாமா எங்களைப் பார்த்துவிட்டு, பத்தாது என்று, உள்ளேயிருந்து அரிசி மூட்டையைத் தூக்கிவந்து அவள் காலடியில் வைத்தார். அத்தையின் தையல் மெஷின் தலை என் காலடிக்கு வந்தது. இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்தால் வண்டி எவ்வளவு தணியுமோ அவ்வளவு தணிய வேண்டும்.

அதன் காரணத்தை அடியில் படுத்தபடியே சொன்னார். சக்கரம் தொங்கும்போது நட்டை இறுக்கினால், தொங்கும் நிலைதான் தன் இயல்பு என்று ரப்பர் பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதுமே அது முறுக்கேறிவிடும். வண்டி சும்மா நிற்கும்போதும், ராத்திரி எல்லோரும் தூங்கும்போதும் முறுக்கிக்கொண்டே நிற்கும். பள்ளம் வந்தால் அதற்குமேலும் முறுக்க வேண்டும். சில மாதத்தில் கிழிந்துவிடும். கடையில் பார்த்துப் பார்த்து வாங்கியதும், பிளேடு பிளேடாக அறுத்ததும் வீண். “பாரம் உட்காரட்டும். அது எந்த நிலையில சும்மா நிக்குமோ, அந்த நிலையில புடிச்சுக்கணும். அப்பதான் மேல போனாலும் கீழ போனாலும் திரும்பி வர ஒரு எடம் இருக்கும்.”

ஸ்பேனரின் ‘கடக் கடக்’ எங்கள் இருக்கைக்கு அடியிலிருந்து ஏறி வந்தது. அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார். நாங்கள் இருவரும் மூச்சைக்கூட அளந்து விட்டோம். எதிரே பானெட் நிமிர்ந்து நின்று சாய்ப்பின் வாசலையே மறைத்திருந்தது. மரச் சட்டத்தில் பதித்த வட்டமான ஸ்பீடோமீட்டரும் டாக்கோமீட்டரும் காரின் நடுவில், எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தன. ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் உட்கார்ந்தேன் என்பதைவிட, என் எடை அந்தக் காருக்குத் தேவைப்பட்டது என்பதில்தான் எனக்கு மார்பு நிமிர்ந்தது. நான் இறங்கினால் அந்த வேலை தவறாகிவிடும். பத்து வயதில் யாருக்கு அப்படி ஒரு இடம் கிடைக்கிறது?

இப்போது கடைகளில் சிவப்பிலும் மஞ்சளிலும் பாலியூரிதேன் புஷ் வருகிறது. அதில் குழாய் தனி, உள்ளே சுழன்றுகொள்ளும். எந்த உயரத்தில் வேண்டுமானாலும் இறுக்கலாம். கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு அதன் விறைப்பு பிடிக்கிறது, அவர்களுக்கு அது சரி. நம் ரோட்டில் ஓடும் பழைய காருக்கு ரப்பர்தான் வேண்டும் என்பது என் கட்சி. அந்த வண்டியை வரைந்தவர்கள் ரப்பரின் முறுக்கையும் கணக்கில் சேர்த்துத்தான் வரைந்தார்கள்.

ஞாயிறு சாயங்காலம் டாக்டர் வந்தார். அவரும் மாமாவும் இருக்கைகளில். அவற்றின் பின்னால் சாமான் வைக்கும் தட்டில் நான் மடங்கி உட்கார்ந்தேன். வில்லிவாக்கம் கேட்டின் தண்டவாளங்களில் ஏறி இறங்கியபோது மாமா தலையைச் சாய்த்துக் கேட்டார். சத்தமில்லை. பாடி தாண்டி, செங்குன்றம் தாண்டி, கல்கத்தா ரோட்டில் சோழவரம் வரைக்கும் போனோம். போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் அந்தக் காலத்தில் ரேஸ் நடந்த இடம். மாமா அங்கே ஹெரால்டுகளுக்கு டயர் மாற்றப் போனவர். ரோடு காலியாக இருந்த ஒரு நீளத்தில் டாக்டரிடம், “சார், ஸ்டியரிங்க லேசா மட்டும் புடிச்சுக்கிட்டு ஒரு பிரேக் போடுங்க,” என்றார். டாக்டர் மிதித்தார். வண்டி மூக்கைத் தாழ்த்தி, கோடு கிழித்த மாதிரி நேராக நின்றது. டாக்டர் திரும்பி மாமாவைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அடுத்த மாசம் ஒரு தடவை கொண்டாங்க சார்,” என்றார் மாமா. “நட்டெல்லாம் இன்னொரு வாட்டி பாத்துரணும். வரும்போது கூட ஒருத்தரக் கூட்டிட்டு வாங்க, பாரத்துக்கு. மாப்ளைக்கு அதுக்குள்ள ஸ்கூல் தொறந்துரும்.”